ஒரு கத்தி தெறித்தது, ஒரு கத்தி தெறிக்கவில்லை

ஒரே சாக்கில் வந்த இரண்டு கத்திகள். ஒரே மரக்கணுவில், ஒரே ஆள், ஒரே வேகத்தில் வெட்டிப் பார்க்கிறார். ஒன்றின் வாய் தெறித்துவிடுகிறது. மற்றொன்றில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியானால் சாக்கில் மிச்சமிருக்கும் கத்திகள் நல்லவையா, கெட்டவையா?

போன வருஷம் மழைக்கு முன்னால் என் வீட்டுப் பின்புறத்தில் எழுந்த கேள்வி இது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அன்று பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்ல வழியில்லை. கத்தி கொண்டுவந்தவர் ஜீப்பை வாசலில் உறுமவிட்டபடியே பேசிக்கொண்டிருந்தார்.

ஏலக்காய்த் தோட்ட ஸ்டோர்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வேலையை விட்டவள் நான். சேர்த்துவைத்த அனுபவம் குறைவு, பட்ட எரிச்சல் அதிகம். எரிச்சலும் ஒருவகை அனுபவம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் அந்த ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்றுப் போகிற அன்று சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"பாத்துக்கோம்மா."

"எதை சார் பாத்துக்கணும்?"

"எல்லாத்தையும்தான்."

சொல்லிவிட்டு குமுளி பஸ்ஸில் ஏறிவிட்டார். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இல்லை, குறை சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொள் என்று சொல்வதும் ஒன்றையும் சொல்லாமல் போவதும் ஒன்றுதான் என்பது எனக்குக் கத்தி வந்த அன்றைக்குப் புரிந்தது.

உர மூட்டையை எப்படி அடுக்குவது, மருந்து டப்பாவை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். நான் அதற்குள் போகவில்லை.

ஏலச்செடிக்கு வெயிலும் ஆகாது, இருட்டும் ஆகாது. அதனால் மழை பிடிப்பதற்கு முன்னால் நிழல் மரங்களில் ஏறிக் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட வேண்டும். மரத்தில் ஏறுகிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கொம்பைப் பிடித்தபடி, மறுகையால் தலைக்கு மேலே வெட்டுவார். முகம் அண்ணாந்தே இருக்கும். அதற்கான நீளக் கத்திக்கு மூக்கு வளைந்திருக்கும். இங்கே வாக்கத்தி என்போம். அதை வாங்கிச் சோதித்து ஆட்களுக்குக் கொடுப்பது ஸ்டோரின் பொறுப்பு. மரமேறுகிறவர்களில் என் கணவர் சாமுவேலும் ஒருவர். நான் கையெழுத்துப் போட்டு வாங்கும் கத்தி எதுவோ, அதுதான் அவர் முகத்துக்கு நேராக ஓங்கப்படும் கத்தி.

ஸ்டோருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் எங்கள் குவார்ட்டர்ஸ். மருந்தடிக்கும் மெஷினோ, ஹோஸோ, கத்தியோ, எதைச் சோதித்தாலும் எங்கள் கொல்லையில்தான். துணி காய்கிற இடமும் விறகு கிடக்கிற இடமும் அதுதான். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த என் மகள் ஏஞ்சல், தரையில் கிடப்பதையெல்லாம் பொறுக்கி வாயில் போடுகிற இடமும் அதுதான். ஸ்டோருக்கென்று தனியாக ஒரு முற்றம் வேண்டும் என்று நான் கேட்காத கூட்டம் இல்லை. உங்கள் தோட்டத்திலாவது கேட்டு வாங்குங்கள்.

கத்தி கம்பம் ஊரிலிருந்து வந்தது. கொண்டுவந்த ஏஜென்ட் அண்ணாச்சி ஜீப்பிலிருந்து இறங்கியதும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பெரியவரு இல்லையாம்மா?"

"அவர் போயாச்சு அண்ணாச்சி. இப்ப நான்தான்."

"அப்படியா? சரி சரி. நான் வெட்டிக் காட்டுறேன், நீங்க பாத்துட்டு சீட்டுல ஒரு கையெழுத்த மட்டும் போட்டு விடுங்க."

"நாங்க சோதிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவோம்."

"அதுக்குத்தானம்மா வாழைத்தண்டு கொண்டாந்திருக்கேன்!"

உண்மையாகவே கொண்டுவந்திருந்தார். ஆள் உயர வாழைத்தண்டு ஜீப்பின் பின்சீட்டில் படுத்திருந்தது. பரீட்சை எழுத வருகிறவரே கேள்வித்தாளையும் கொண்டுவருவதை அன்றுதான் பார்த்தேன்.

தண்டை நட்டு நிறுத்தினார். ஒரே வீச்சு. மேல்பாதி ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு, பிறகு மெதுவாக வழுக்கி விழுந்தது. செய்தித்தாளைத் தொங்கவிட்டு நாடா நாடாக அறுத்தார். முன்கை ரோமத்தை மழித்துக் காட்டினார். ஏற்கெனவே அந்தக் கையில் பாதி மொட்டையாகத்தான் இருந்தது. அந்த வாரம் எத்தனை ஸ்டோர்களுக்குப் போய்வந்த கையோ.

கொல்லையில் பெரிய கத்தி ஒன்று வெளியே வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் வருவார்கள். யாரும் கூப்பிடவே வேண்டாம். முதலில் வந்தவர் எங்கள் சூப்பர்வைசர் தாமஸ் சார்.

"கொள்ளாமல்லோ! இங்கோட்டுத் தா, நோக்கட்டெ" என்று மலையாளத்தில் மெச்சியபடி கத்தியை வாங்கினார். சுற்றும்முற்றும் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கறிவேப்பிலை மரத்தின் பெரிய கிளை கீழே கிடந்தது.

"சார், அது என் கறிவேப்பிலை!"

"வெட்டினா நல்லா தழைக்கும் ஜெனி. குழப்பமில்லா, ஒண்ணும் ஆகாது."

அடுத்து, டீ குடிக்க வந்த சாமுவேல். அவர் கத்தியை வாங்கித் தூக்கிப் பார்த்து, பூணைத் தட்டிப் பார்த்து, பெரிய நிபுணரைப் போலத் தலையாட்டிவிட்டு, துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்திருந்த மூங்கிலை ஒரே வெட்டில் இரண்டாக்கினார். ஏஞ்சலின் துணியெல்லாம் மண்ணில் விழுந்தது.

"ஏங்க! துணி காயுதுன்னு கண்ணுக்குத் தெரியலையா?"

"காஞ்ச மூங்கில் எப்படிப் போகுதுன்னு பாத்தேன். சோதிக்கணும்னு நீதான சொன்ன?"

அடுக்களை வாசலிலிருந்து, பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த என் மாமியாரும் குரல் கொடுத்தார்.

"ஏளா ஜெனி, எல்லாரும் வெட்டிட்டு அந்தக் கத்திய இங்க குடு. இந்த மீன் தலைய மட்டும் பிளந்துட்டுத் தாரேன்."

ஆளாளுக்கு ஒன்றை வெட்டினார்கள், எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள். ஆனால் ஒருவரும் கத்தியைச் சோதிக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் கையைச் சோதித்துக்கொண்டார்கள். கத்தி நன்றாக வெட்டுகிறதா என்பது எனக்கும் வாழைத்தண்டிலேயே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. மரத்தின் மேல், கை வலித்து, கோணலாக நின்று, கணுவில் வெட்டும்போது அது என்ன செய்யும்? இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது பதம் குறைந்தால் வாய் மடங்கும். மடங்கினால் அரம் வைத்து ராவிக்கொள்ளலாம். பதம் ஏறிப்போனால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். சிக்கல் என்னவென்றால், பதம் ஏறிய கத்திதான் வாழைத்தண்டை அழகாக வெட்டும்.

விறகுக் குவியலிலிருந்து கணு வைத்த காய்ந்த பலாக்கட்டை ஒன்றை இழுத்துப் போட்டேன்.

"இதுல வெட்டிப் பாக்கணும்."

ஏஜென்ட் அண்ணாச்சியின் முகம் மாறியது. "கணுவுல எவன்மா வெட்டுவான்? கணுவ விட்டு ஒரு சாண் தள்ளி வெட்டுறதுதான தொழிலு?"

"மேல நிக்கிறவருக்குக் கை எட்டுற இடத்துல கணுதான் இருந்துதுன்னா?"

"இன்னும் ரெண்டு அடி ஏறச் சொல்லுங்க."

"அண்ணாச்சி சொல்றதும் சரிதான்" என்று சாமுவேல் சிரித்தார்.

"நீங்க சும்மா இருங்க. போன வருஷம் கணுவுல வெட்டி, பழைய கத்தி மாட்டிக்கிட்டு, மேலேயே தொங்கிக்கிட்டு நின்னேன்னு நீங்கதான வந்து சொன்னீக?"

சிரிப்பு நின்றது. கத்தியை வாங்கி, பப்பாளி மரத்துப் பக்கமாக நின்று, கணுவில் ஓங்கினார். முதல் வெட்டு நன்றாக இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் சத்தம் வேறாக வந்தது. மரத்தில் இரும்பு விழுகிற சத்தம் இல்லை. கண்ணாடி டம்ளர் விளிம்பில் கரண்டி பட்டது மாதிரி, சன்னமாக, சுத்தமாக.

கத்தியை வாங்கிப் பார்த்தேன். வாயில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம். அரிசியைவிடச் சிறியது.

"கட்டைக்குள்ள ஆணி இருந்திருக்கும்" என்றார் ஏஜென்ட், என் முகத்தைப் பார்க்காமலே.

உடைந்த பெட்டிகளிலிருந்து ஆணி பொறுக்குவதற்காக ஸ்டோரில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் வைத்திருந்தோம். அதைக் கொண்டுவந்து கட்டையில் வெட்டு விழுந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. வெட்டு விழுந்த பிளவை விரித்தும் காட்டச் சொன்னேன். ஆணி இல்லை.

பிறகு எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அதைக் கத்தி சம்பந்தமான நினைப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பிறையிலிருந்து போன இரும்புத் துண்டு எங்கே? என் பிள்ளை வெறுங்காலோடு நடக்கிற தரையில்தானே எங்கேயோ கிடக்க வேண்டும்?

"யாரும் நகராதீங்க. அந்தத் துண்டத் தேடணும்."

"ஆரம்பிச்சிட்டா" என்றார் சாமுவேல். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். அந்தத் தொனி எனக்குப் பழக்கம்தான்.

ஏஜென்ட் ஜீப்பைப் பார்த்தார். "நெல்லு மூக்கு அளவு இரும்பு. அதத் தேடி எடுத்து நகையா செய்யப்போறீக?"

தாமஸ் சார் மேகத்தைப் பார்த்தார். "ஜெனி, மழ இப்ப வரும். அது விடு."

மாமியார் வாசலிலிருந்து, "பிள்ளைய எறக்கி விடவா வேண்டாமாளா? எம் முதுகு ஒடியுது."

"எறக்காதீங்க அத்தை! கொஞ்ச நேரம்!"

நான் குனிந்து காந்தத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டே போனேன். ஒரு கொண்டை ஊசி கிடைத்தது. சோடா மூடி ஒன்று கிடைத்தது. துண்டு கிடைக்கவில்லை. நான்கு பெரியவர்கள் சுற்றி நின்று பெருமூச்சு விட, ஒருத்தி மண்ணைத் தடவிக்கொண்டு போவது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது. சரி, போதும், இரண்டு நாள் பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிடலாம் என்று நிமிர்ந்தேன்.

நிமிர்ந்த இடத்தில் பப்பாளி தொங்கியது. பச்சைக் காய். அதன் தோலில் ஒரு புள்ளியிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்து, கோடாக இறங்கி, நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, வெட்டினப்போ எங்க நின்னீகளோ, அங்கேயே வந்து நில்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்து நின்றார். அந்தப் புள்ளி அவர் கன்ன எலும்புக்கு நேராக இருந்தது. கை நீட்டினால் தொடும் தூரம். கொண்டை ஊசியை வைத்துக் காயை நோண்டினேன். துண்டு நன்றாக உள்ளே போயிருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினேன்.  சாமுவேல் தன் முகத்தை ஒருமுறை தடவிக்கொண்டார். தடவியது அவருக்கே தெரிந்திருக்காது.

நீங்கள் இந்த இடத்தில் கதை முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஆண்டவர் காப்பாத்திட்டாரு" என்றார் தாமஸ் சார். "ஆனா அது ஒரு கத்தி. அது அண்ணாச்சி மாத்தித் தரும். பாக்கி எடுத்து உள்ள வை."

"இன்னொண்ணையும் வெட்டிப் பாக்கணும் சார்."

ஏஜென்ட் அண்ணாச்சிக்கு அதுவரை இருந்த பொறுமை போய்விட்டது. "என்னம்மா பேசுறீக? ஒண்ணு போச்சு, சரி, அது என் தலையெழுத்து. ஒவ்வொண்ணா எடுத்துக் கணுவுல போட்டு அடிச்சா, அப்புறம் வேண்டாம்னு சொன்னீகன்னா, வெட்டுன கத்திய நான் எங்கிட்டுக் கொண்டு போய்க் குடுக்க? எவன் வாங்குவான்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாக்கத்தியைப் பொறுத்தவரை எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக்கத்தியின் முதல் வெட்டு தன் கையால் இருக்க வேண்டும். வேறொருவர் வெட்டிய தடம் இருந்தால், கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார்கள். ஆக, வெட்டிப் பார்த்தால்தான் கத்தி எப்படி என்று தெரியும். வெட்டிப் பார்த்துவிட்டால் அதைத் திருப்பவும் முடியாது, ஆட்களுக்குக் கொடுக்கவும் முடியாது. இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு ஸ்டோர் நடத்தச் சொன்னால் எப்படி நடத்துவது?

இன்னும் ஒன்றே ஒன்று என்று ஒப்புக்கொண்டார். அவர் எடுத்துக் கொடுத்ததை நான் வாங்கவில்லை. சாக்கின் நடுவிலிருந்து நானே ஒன்றை உருவினேன். உருவிய பிறகு, பக்கத்தில் இருந்ததை எடுத்திருக்கலாமோ என்று தோன்றியது. சாமுவேலைப் பப்பாளி மரத்திலிருந்து தள்ளி நிற்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதே கணுவில் வெட்டினார். வெட்டிக்கொண்டே இருந்தார். கை ஓய்கிற வரைக்கும் வெட்டினார். கணுதான் சிதைந்தது. கத்தியின் வாய் அப்படியே இருந்தது.

"பாத்தீகளா! பாத்தீகளா!" என்று ஏஜென்ட் கைதட்டினார். தாமஸ் சார் சிரித்தார். சாமுவேல் கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு மட்டும் அழுகை வராத குறை. இரண்டாவதும் தெறித்திருந்தால் வேலை சுலபம். இரண்டும் தெறிக்காமல் இருந்திருந்தாலும் சுலபம்.

அரம் வைத்துப் பார் என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. பதம் ஏறிய இரும்பில் அரம் வழுக்கும், நல்ல இரும்பில் பிடிக்கும். இரண்டு கத்தியிலும் வைத்துப் பார்த்தேன். என் கைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் கோட்டயத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். பின்னால் மேளம் கேட்டது. "ஸ்டோர் நிங்ஙளுடையதல்லே ஜெனி? நீங்க தீர்மானிச்சா மதி, அது போதும்" என்றார். என்மேல் நம்பிக்கை என்றுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வேண்டாம் என்றால் ஆபத்து போய்விடும் என்றும் இல்லை. திங்கட்கிழமை நிழல் கழிப்பு தொடங்குகிறது. ஸ்டோரில் இருந்த பழைய கத்திகளில் பாதிக்கு வாய் தேய்ந்திருந்தது, சிலதில் பிடி ஆடியது. பிடி ஆடுகிற கத்தியோடு ஒருவரை மரத்தில் ஏற்றுவதும் பொறுப்பான காரியமில்லை. இந்தப் பக்கம் தெறிக்கலாம், தெறிக்காமலும் இருக்கலாம். அந்தப் பக்கம் கழன்று விழலாம், விழாமலும் இருக்கலாம்.

கடைசியில் நான் இப்படி யோசித்தேன். பழைய கத்தி சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர் மெதுவாக வெட்டுவார், பிடியைப் பார்த்துக்கொள்வார். புதுக்கத்தியோ பிரமாதம் என்று எல்லோரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். நம்பிக்கையோடு ஓங்கி வெட்டுவார்கள். எதை எல்லோரும் நம்புகிறார்களோ அதைத்தான் ஸ்டோர் சந்தேகப்பட வேண்டும். இதை அன்று அந்த இடத்திலேயே யோசித்தேனா, பிறகு மனசமாதானத்துக்காக யோசித்துக்கொண்டேனா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"எடுத்துட்டுப் போயிருங்க அண்ணாச்சி."

"எது, அந்த ஒண்ணையா?"

"எல்லாத்தையும்."

"தெறிக்காததையுமா!"

"எல்லாத்தையும்."

அவர் சாக்கைக் கட்டினார். தாமஸ் சார்தான் விடவில்லை. "திங்களாழ்ச்ச ஆளு வரும் ஜெனி. கொம்ப எல்லாம் கையால ஒடிக்கவா? மழைக்கு முன்ன தீரலைன்னா யாரு சமாதானம் சொல்லும்? நீயா?" வெட்டப்பட்ட வாழைத்தண்டு மட்டும் என் கொல்லையில் மிஞ்சியது. அதை அப்புறப்படுத்துவதற்கு ஒரு நிபுணரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வந்து, பழைய கத்திகளுக்குப் பிடி இறுக்கவும் சாணை பிடிக்கவும் ஆளைத் தேடிப் பிடித்தேன். திங்கள் முதல் வேலை தொடங்கியது. பழைய கத்தியில் வேலை இழுக்கும், என்னைத் திட்டிக்கொண்டே வெட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை. வேலை வேகமாக நடந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் சாயங்காலம் சாமுவேல் குளிக்கப் போகும்போது கத்தியைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனார். அது ஸ்டோர் கத்தி இல்லை.

"இது என்ன கத்தி?"

"வாக்கத்தி."

"எந்த வாக்கத்தி?"

"உன் வாக்கத்திதான்." தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு அண்ணாச்சி போற வழியில நம்ம ஆளுக குடியிருக்கிற லயத்து வளைவுல ஜீப்ப நிறுத்திட்டாரு. எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு வாங்கினாக. வாழைத்தண்டு ஒரே வெட்டுல சாஞ்சது தோட்டம் பூராத் தெரிஞ்சு போச்சுல்லா?"

"தெறிச்சது தெரியலையா?"

"நான் சொன்னேன். அதத்தான் ஸ்டோர்க்காரி திருப்பிட்டாளே, இது வேற கத்தின்னு சிரிச்சாக."

"உங்க முகத்துக்கு நேரா வந்துச்சு. நீங்களுமா வாங்கினீக?"

"அதனாலதான் தெறிக்காத கத்தியாப் பாத்து வாங்கினேன். ரெண்டாவதா வெட்டுனேன்லா, அது. எவனும் தொடல, வெட்டுன கத்தின்னு ஒதுக்கிட்டானுக. சோதிச்சது அது ஒண்ணுதான? நான் உன் சோதனைய நம்புதேன். நீயே நம்பலைன்னா அதுக்கு நான் என்ன செய்ய?"

நான் கத்தியை எடுத்து அதன் வாயைப் பார்த்தேன்.  அவர் சொன்னது முட்டாள்தனமாகவும் இருந்தது, சரியாகவும் இருந்தது.

நான் ஸ்டோர் வாசலைத் தாண்ட விடாத சாக்கு, எனக்குத் தெரியாமல் தோட்டத்தின் எல்லா மரத்திலும் ஏறிவிட்டது. ஸ்டோர் வழியாகப் போயிருந்தால் ஒரு பிறை தெரிந்த உடனே கத்தியைத் திரும்ப வாங்கிப் பூட்டிவைக்கும் அதிகாரமாவது எனக்கு இருந்திருக்கும். இப்போது அவை அவரவர் சொந்தக் கத்தி. "கணுவுல ஒரு தடவ கீழ வச்சு வெட்டிப் பாத்துட்டு மேல கொண்டு போங்கண்ணே" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். "சாணை பிடிச்ச வாயக் கட்டையில போட்டு மொட்டையாக்கவாம்மா?" என்றார்கள். சோதனையைக் கூட்டம் பார்க்க நடத்தாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லலாம். ஆனால் யாரும் பார்க்காமல் நடத்தியிருந்தால், தெறித்தது என்று நான் சொன்னதை சாமுவேல்கூட நம்பியிருக்க மாட்டார்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. இதுவரை யாருடைய கத்தியும் தெறிக்கவில்லை. அப்படித்தான் சொல்கிறார்கள். தாமஸ் சார் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நல்ல கத்தியாணு ஜெனி, நீ வெறுதே பேடிச்சு" என்று, நான் வீணாகப் பயந்ததாகச் சிரிக்கிறார். கெட்டது அந்த ஒன்றே ஒன்றுதானோ? அல்லது ஒவ்வொரு கத்தியும் தனக்கான கணு வருகிற நாளுக்காகக் காத்திருக்கிறதோ? எனக்குப் பின்னால் ஸ்டோருக்கு வந்த பெண்ணிடம் சாவியைக் கொடுத்தபோது இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இப்போது என்னுடைய பிரச்சினைக்கு வருகிறேன். இந்த வருஷ நிழல் கழிப்பு தொடங்கிவிட்டது. வேலையை விடும் முன்னால் மருந்தடிக்கிறவர்களுக்கான பிளாஸ்டிக் கண்ணாடியை மரமேறுகிறவர்களுக்கும் கொடுக்க அனுமதி வாங்கியிருந்தேன். ஒருவரும் போடுவதில்லை. சாமுவேலை மட்டும் ஒரு நாள் சண்டை போட்டு மாட்டிவிட்டு அனுப்பினேன். பாதியிலேயே இறங்கி வந்துவிட்டார்.

"வேர்வையும் மஞ்சும் சேந்து உள்ள ஆவி பிடிச்சிருது. கொம்பு ரெண்டாத் தெரியுது. எதுல கால வைக்க, நீயே சொல்லு. கண்ணு முக்கியமா, காலு முக்கியமா?"

 கண்ணாடியை மாட்டச் சொல்லி அதனால் அவர் தவறி விழுந்தால்? மாட்ட வேண்டாம் என்று விட்டு, மேலே கத்தி தெறித்தால்? தினமும் சாயங்காலம் அவர் வந்ததும் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டே போய் முதலில் அவர் கண்ணைப் பார்க்கிறேன். அவர் வேண்டுமென்றே இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார். விளையாட்டாம். பெரியவளும் அவரைப் பார்த்து அதே மாதிரி மூடிக்கொள்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் தோட்டங்களில் இதற்கு என்ன செய்கிறீர்கள்? ஆவி பிடிக்காத கண்ணாடி எங்கேயாவது கிடைக்கிறதா? கம்பி வலை போட்ட முகமூடி ஏதாவது உண்டா, அதை மாட்டிக்கொண்டு மரமேறியவர் யாராவது இருக்கிறார்களா? கத்தியின் வாயைக் கெடுக்காமல் அதன் பதத்தைக் கண்டுபிடிக்கிற வழி யாருக்காவது தெரியுமா? எதுவானாலும் எழுதுங்கள். நான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தால் அதையும் எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். திங்கட்கிழமை மேல் பிளாக்கில் ஏறுகிறார்கள். அங்கே மரமெல்லாம் கிழடு, கணு அதிகம். அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.